ஈரத் துண்டு எதற்காக?

கேள்வி: எனக்கு 41 வயது. சென்னையில் தணிக்கையாளராக வேலை பார்க்கிறேன். ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலைப் படித்ததிலிருந்து, இரண்டு ஆண்டுகளாக, இருண்ட எதிர்காலத்தைச் சொல்லும் அறிவியல் புனைகதைகளையே தேடிப் படிக்கிறேன். யாரோ என்னைக் கண்காணிக்கிறார்கள் என்ற எண்ணத்தில் இரவில் விழித்துக்கொள்கிறேன். மடிக்கணினியின் கேமராவை ஸ்டிக்கர் ஒட்டி மறைத்துவிட்டேன். அப்பா காலமான பிறகு கோவில்பட்டியில் தனியாக இருக்கும் அம்மாவின் பாதுகாப்புக்காகக் கூடத்தில் கேமரா வைத்தேன். அவர் அடிக்கடி அதன்மேல் ஈரத் துண்டைப் போட்டுவிடுகிறார், எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை, அந்த எரிச்சல் வேறு. இந்த நாவல்களைப் படிப்பதை நிறுத்திவிடலாமா?

பதில்: தம்பி, நாவல் படித்து உறக்கம் கெட்டவர்களின் கடிதங்கள் எனக்கு ஆண்டு முழுவதும் வருகின்றன. அவர்களுக்குச் சொல்லும் ஆறுதல் எதையும் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. உங்கள் கடிதத்தில் அந்த ஈரத் துண்டைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

துண்டு ஏன் ஈரமாக இருக்கிறது என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா? குளித்துவிட்டு வரும் ஒரு பெண், தலையைத் துவட்டிய துண்டை அந்தக் கண்ணின் மேல் போட்டுவிட்டுப் புடவையைச் சரிசெய்துகொள்கிறார். கரிசல் காட்டு வெயிலில் முந்தானையைத் தளர்த்திக்கொண்டு மின்விசிறிக்குக் கீழே தலை சாய்ப்பதும் அந்தக் கூடத்தில்தான் இருக்கும். உங்கள் அப்பாவின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழ வேண்டுமென்றாலும் அங்கேதான் அழ வேண்டும். உங்கள் கணினியில் நீங்கள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரும் அந்தத் துண்டும் செய்வது ஒரே வேலை. உங்களுடையதை முன்னெச்சரிக்கை என்று நினைக்கிறீர்கள், பெற்ற தாயுடையதைப் பிடிவாதம் என்று எழுதுகிறீர்கள். அது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது.

நீங்கள் அஞ்சும் அந்த நாவலிலேயே இதற்கு இடம் இருக்கிறது. நாயகன் வின்ஸ்டனின் அறையில், ஆளைப் பார்த்தபடியும் கேட்டபடியும் இருக்கும் தொலைத்திரை ஒன்று உண்டு. அதன் ஒலியைக் குறைக்கலாம், முழுவதுமாக அணைக்க முடியாது. அதன் பார்வை எட்டாத ஒரு சிறிய மாடத்துக்குள் ஒடுங்கி உட்கார்ந்துதான் அவன் நாட்குறிப்பு எழுதத் தொடங்குகிறான். பின்னால், ஆளும் கட்சியின் பெரும்புள்ளியான ஓ’பிரையனின் வீட்டுக்குப் போகும்போது, ஓ’பிரையன் தன் திரையை அணைத்துவிடுவதைப் பார்த்து வின்ஸ்டன் திகைத்துப்போகிறான். கட்சியின் மேல்தட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் அந்தச் சலுகை உண்டு. உங்கள் குடும்பத்தில் அணைக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது? சென்னையில், உங்கள் கைப்பேசியில். ஒரு துண்டை விரித்து ஒரு மாடத்தை உண்டாக்கிக்கொள்வதைத் தவிர உங்கள் அம்மாவுக்கு வேறு வழி என்ன வைத்தீர்கள்?

பாதுகாப்புக்காகத்தான் வைத்தேன் என்பீர்கள். அந்த அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அவர் வழுக்கி விழுந்தால், கிட்டத்தட்ட அறுநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நீங்கள் முதலில் பக்கத்து வீட்டைத்தான் கூப்பிட வேண்டும். அந்த வீட்டாரின் எண் உங்களிடம் இருக்கிறதா? கடிதத்தில் அம்மாவோடு பேசியதாக ஒரு வரி இல்லை. துண்டை எடுக்கச் சொன்னது மட்டும்தான் இருக்கிறது.

ஆங்கில எழுத்தாளர் இ. எம். ஃபார்ஸ்டர் 1909-இல் ஒரு நீண்ட கதை எழுதினார். அதில் மனிதர்கள் பூமிக்கு அடியில் ஆளுக்கொரு அறையில் வாழ்கிறார்கள், எல்லாவற்றையும் இயந்திரம் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறது. உலகத்தின் மறுபக்கத்தில் இருக்கும் மகன், நேரில் வந்து தன்னைப் பார்க்கும்படி தாயை வேண்டுகிறான். அதுதான் திரையில் பார்க்கிறேனே, இன்னும் என்ன வேண்டும் என்று அவள் கேட்கிறாள். அந்தக் கதையில் இயந்திரத்தோடு திருப்தியடைந்துவிட்டவள் தாய். உங்கள் வீட்டில் அது மகன். பெற்றவளைக் கவனிப்பது என்றால் அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்வது என்றுதான் நான் நம்புகிறேன், இந்த விஷயத்தில் காலம் மாறிவிட்டது என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

படிப்பதை நிறுத்த வேண்டாம். ‘1984’ நாவலைத் திரும்ப எடுங்கள். ஆர்வெல் அதை ஸ்காட்லாந்தின் ஜுரா தீவில், காசநோயோடு, மனைவியை இழந்த பின், தத்தெடுத்த சிறு மகனை உடன் வைத்துக்கொண்டு எழுதினார். 1949 ஜூனில் நூல் வெளிவந்தது, அடுத்த ஜனவரியில் இறந்துவிட்டார். அதன் இரண்டாம் பாகத்தில் வின்ஸ்டன் தன் தாயை நினைவுகூரும் பகுதியை மட்டும் படியுங்கள். பஞ்ச காலத்தில் கிடைத்த சிறு சாக்லேட்டில் பெரும்பங்கை மகனுக்கும் மிச்சத்தை நோயுற்ற தங்கைக்கும் தாய் கொடுக்கிறாள். அவன் தங்கையின் கையிலிருந்ததையும் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுகிறான். கொடுக்க இனி எதுவும் இல்லாத தாய், அழும் குழந்தையைக் கையால் அணைத்துக்கொள்கிறாள். பசியோடு அவன் திரும்பி வரும்போது இருவரும் அங்கே இல்லை, அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று கடைசிவரை அவனுக்குத் தெரிவதுமில்லை. தொலைத்திரையைக் கண்டு பயந்த நீங்கள் இந்தப் பக்கங்களை வேகமாகக் கடந்துவிட்டீர்கள் என்றே நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை இரவு ரயிலேறினால் விடியும்போது கோவில்பட்டியில் இறங்கிவிடலாம். கூடத்துக் கேமராவை நீங்களே கழற்றுங்கள். வாசலுக்கு ஒன்று இருந்தால் நல்லது என்று அம்மாவுக்குத் தோன்றினால், அவர் காட்டும் இடத்தில் மாட்டி, அணைக்கும் சுவிட்ச் எது என்று அவருக்குச் சொல்லிக்கொடுங்கள். வேண்டாம் என்றால் பெட்டியில் போட்டு எடுத்துவந்துவிடுங்கள். கழற்றும்போது அந்தத் துண்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதீர்கள்.