கயிறு ஸ்டார்ட்டர் கோளாறுகள்: கேள்வி பதில்

52 சிசி பிரஷ் கட்டர் (புல்வெட்டும் மிஷின்), இழுத்து ஸ்டார்ட் செய்யும் கயிறு அறுந்துவிட்டது. எந்த நைலான் கயிறும் போடலாமா அண்ணா?

கூடாது. இந்த அளவு எஞ்சினுக்குப் பெரும்பாலும் 3 முதல் 3.5 மி.மீ. பின்னல் நைலான்தான் போடுவார்கள். அதைவிடத் தடித்தால் கயிறு சுற்றும் கப்பியின் பள்ளத்தில் முழுதாக அடங்காது, கைப்பிடி தொங்கும். அறுந்த துண்டுகளைச் சேர்த்து அளந்து, முடிச்சுக்கு ஒரு சாண் கூட்டி வெட்டுங்கள். முனையைத் தீயில் உருக்கி ஈரத்துணியால் உருட்டுங்கள், வெறும் விரல் வேண்டாம்.

மாற்றியாயிற்று. இழுத்த கயிறு முழுசா உள்ளே போகவில்லையே?

கயிற்றை உள்ளே இழுக்கும் ஸ்பிரிங்குக்கு முறுக்கு போதவில்லை. கயிற்றைக் கப்பியில் சுற்றியபின் கப்பி ஓரத்து வெட்டில் கயிற்றை ஒரு வளையமாக மாட்டி, இழுக்கும்போது கப்பி எந்தப் பக்கம் சுழலுமோ அதே பக்கம் 2 சுற்று சுற்றுங்கள். கயிறு முறுக்கிக்கொள்ளும். கப்பியை விடாமல் பிடித்து, கயிற்றை வெளியே இழுத்து நேராக்கி, மெல்ல உள்ளே விடுங்கள். பிறகு கயிற்றைக் கடைசிவரை இழுத்துப் பிடித்துக் கப்பியைக் கையால் தள்ளிப் பாருங்கள். இன்னும் அரைச் சுற்றாவது போக வேண்டும். போகாவிட்டால் முறுக்கு அதிகம், ஒரு சுற்றைக் குறையுங்கள். அப்படியே விட்டால் அடுத்து ஒடிவது ஸ்பிரிங் முனையிலுள்ள கொக்கி.

எனக்கு அந்தக் கொக்கியேதான் ஒடிந்தது சார். புது செட்டா?

ஸ்பிரிங் நடுவில் ஒடிந்திருந்தால் புதுசுதான். முனை மட்டும் என்றால் சரிசெய்யலாம். முதலில் கண்ணாடி, கையுறை. ஸ்டார்ட்டர் டப்பாவைவிட்டுத் துள்ளும் ஸ்பிரிங் பிளேடு மாதிரி கிழிக்கும். முனையில் ஒரு அங்குலத்தை மட்டும் சிவக்கக் காய்ச்சித் தானாக ஆறவிடுங்கள். தண்ணீரில் முக்கினால் மொறுமொறுவென ஒடியும். ஆறியதும் மூக்கு பிளையரால் பழைய வடிவில் மடக்குங்கள். சூடு அந்த ஒரு அங்குலத்தைத் தாண்டினால் ஸ்பிரிங்கின் விறைப்பு போய்விடும்.

கயிறு லேசாக வருகிறது, எஞ்சின் சுற்றவே இல்லை.

கப்பியையும் எஞ்சினையும் சேர்த்துப் பிடிக்கிற பல் வெளியே விரியவில்லை. சில மிஷினில் அது கப்பியில், சிலதில் பிளைவீலில் (எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரம்) இருக்கும். புல்தூளும் எண்ணெயும் சேர்ந்து ஒட்டியிருக்கும். மண்ணெண்ணெயில் கழுவித் துடையுங்கள். அங்கே கிரீஸ் வைத்தால் தூசி திரும்பவும் ஒட்டும்.

கயிறு அசையவே மாட்டேங்குது ஐயா.

ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டு பிளைவீலைக் கையால் சுற்றுங்கள். சுற்றினால் கோளாறு ஸ்டார்ட்டரில். சுற்றாவிட்டால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி மறுபடி சுற்றுங்கள். பிளக் துளை வழியே பெட்ரோல் வெளியே வந்தால் சிலிண்டர் நிரம்பியிருக்கிறது. அப்போதும் அசையாவிட்டால் எஞ்சினே உள்ளே இறுகிப் பிடித்துவிட்டது.

மாதம் ஒரு கயிறு அறுகிறதே?

கயிறு வெளிவரும் துளை ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால் நைஸ் எமரியால் தேய்த்துவிடுங்கள். சாய்த்து இழுக்காமல் துளைக்கு நேராக இழுங்கள்.