"உங்களுக்கு அப்படி நடந்ததில்லையே?"

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, டெக்சாஸில் டாலஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் 9 வருடமாக இருக்கிறோம். ஊரில் சி.எஸ்.ஐ. சபை, இங்கே வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள பெரிய சுவிசேஷ சபைக்குப் போகிறோம். பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். நல்லவர்கள். என் இரண்டாவது பிரசவத்துக்கு அம்மாவால் வர முடியவில்லை. அப்போது முறை போட்டுக்கொண்டு 3 வாரம் எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தார்கள்.

புதன்கிழமை வீட்டுக் கூட்டத்தில் ஒரு கறுப்பினக் குடும்பமும் இருந்தது. போன வருடம் ஒரு நாள் அந்த அண்ணன், தன் 16 வயது மகனை ஒரே மாதத்தில் 2 முறை எங்கள் தெருவிலேயே போலீஸ் நிறுத்தி விசாரித்ததைச் சொல்லி, ஜெபிக்கக் கேட்டார். குரல் நடுங்கியது. கூட்டத்தை நடத்துகிறவர், "இது தோலின் பிரச்சினை இல்லை, பாவத்தின் பிரச்சினை. இங்கே நாங்கள் யாரும் நிறம் பார்ப்பதில்லை" என்றார். பக்கத்தில் இருந்த பெண் என்னிடம் திரும்பி, "உங்களுக்கு இங்கே அப்படி நடந்ததில்லையே?" என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டே "இல்லை" என்றேன். உடனே அடுத்த ஜெப விண்ணப்பத்துக்குப் போய்விட்டார்கள். 2 மாதத்தில் அந்தக் குடும்பம் வருவதை நிறுத்திவிட்டது.

"பிழைக்க வந்த இடத்தில் நமக்கெதுக்கு வம்பு" என்கிறார் என் கணவர். எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் செய்தது தப்பா? இந்தச் சபையில் இருப்பதா, போவதா?
– வாசகி, டெக்சாஸ்

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் சொன்னது பொய் இல்லை. உங்களுக்கு நடக்கவில்லை, நடக்கவில்லை என்றீர்கள். ஆனால் அந்தப் பெண் உங்கள் அனுபவத்தைத் தெரிந்துகொள்ளவா கேட்டார்? அந்த மனிதர் தன் பிள்ளையைப் பற்றிச் சொன்னதற்கு எதிர்சாட்சியாக உங்களைக் கூப்பிட்டார். அவர் அதை உணர்ந்து செய்தாரா என்று தெரியாது. நீங்களும் போய் நின்றுவிட்டீர்கள். அதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது. தப்பா என்று கேட்டீர்கள், ஆமாம், தப்புதான். ஜார்ஜியாவில் 11 வருடம் இருந்த நானும் ஒரு தேவாலய வாசலில் இதே கேள்விக்கு இதே பதிலைச் சொல்லியிருக்கிறேன். அதனால் இதைத் தயங்காமல் சொல்கிறேன்.

ஜார்ஜியாவில் அமெரிக்கஸ் என்று ஒரு சின்ன ஊர் உண்டு. அதன் பக்கத்தில் 1942-ல் கிளாரன்ஸ் ஜோர்டன் என்ற வெள்ளைக்கார பாப்டிஸ்ட் போதகர் இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து கொய்னோனியா என்ற பண்ணையைத் தொடங்கினார். விவசாயம் படித்தவர்; கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் டாக்டர் பட்டமும் வாங்கியவர். வெள்ளையரும் கறுப்பரும் அங்கே ஒன்றாக வேலை பார்த்தார்கள், ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் இருந்த ரெஹோபோத் பாப்டிஸ்ட் சபைக்குப் போவார்கள். 1950-ல் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த ஓர் இந்திய மாணவர் பண்ணைக்கு வந்தார். அமெரிக்க ஆராதனையைப் பார்க்க ஆசைப்பட்டார். கூட்டிக்கொண்டு போனார்கள். அவரைக் கறுப்பினத்தவர் என்று நினைத்துச் சபையார் கொதித்துவிட்டார்கள். அந்த வருடமே கொய்னோனியாக்காரர்களைச் சபையை விட்டு நீக்கினார்கள். விசாரிக்க வந்த டீக்கன்களிடம் ஜோர்டன் வேதாகமத்தை நீட்டி, "நான் செய்த தப்பை இதில் காட்டுங்கள்" என்று கேட்டதாகச் சொல்வார்கள். பின்னாளில் அந்தப் பண்ணைக்கு விதை, உரம், காப்பீடு எதுவும் கொடுக்காமல் ஊரே ஒதுக்கிவைத்தது. நெடுஞ்சாலையில் இருந்த அவர்கள் கடையை வெடிவைத்துத் தகர்த்தார்கள், வீடுகளைச் சுட்டார்கள். பிக்கான் கொட்டைகளைத் தபாலில் விற்றுத்தான் பிழைத்தார்கள்.

அன்று அந்த ஆராதனையில் யாருக்கும் ஆகாமல் போன நிறம் உங்கள் நிறம், தங்கச்சி. இன்று அதே நிறம் "நாங்கள் நிறம் பார்ப்பதில்லை" என்பதற்குச் சான்றாகப் பயன்படுகிறது. இடையில் நடந்தது என்ன?

உங்கள் கணவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். 1946-லிருந்து இந்தியர்கள் குடியேற அமெரிக்கா ஒதுக்கிய இடம் வருடத்துக்கு 100. ஆயிரம் இல்லை, நூறு. கறுப்பின மக்கள் அடிபட்டு, சிறைக்குப் போய், உயிரைக் கொடுத்து 1964-ல் சிவில் உரிமைச் சட்டத்தையும், 1965-ல் வாக்குரிமைச் சட்டத்தையும் கொண்டுவந்தார்கள். இனம் பார்த்து ஆள் எடுப்பது வெட்கம் என்ற நிலைமை வந்த பிறகுதான், அதே 1965-ல் குடியேற்றச் சட்டமும் மாறியது. ஒரு நாட்டுக்கு வருடத்துக்கு 20,000 பேர் வரை என்று கதவு திறந்தது. நம்மவர்கள் அந்தக் கதவு வழியாகத்தான் போனோம். நமக்கெதுக்கு என்று கேட்கிற உரிமை மற்ற யாருக்கு இருந்தாலும் நமக்கு இல்லை.

சரி, பிரசவத்துக்குச் சோறு கொண்டுவந்த நல்லவர்கள் எப்படி ஒரு தகப்பனின் கண்ணீரை 2 நிமிடத்தில் கடந்து போகிறார்கள்? மைக்கேல் எமர்சன், கிறிஸ்டியன் ஸ்மித் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் இதைத்தான் நாடு முழுக்கப் பேட்டி எடுத்து ஆராய்ந்து 2000-ல் வெளியிட்டார்கள். வெள்ளை சுவிசேஷக் கிறிஸ்தவர்களுக்கு விசுவாசம் என்பது தனி ஆளின் இதயமும் இயேசுவும். பாவம் தனி ஆளுடையது, மனந்திரும்புதலும் தனி ஆளுடையது. அதனால் இனவெறியும் அவர்களுக்கு ஒரு ஆள் இன்னொரு ஆளை வெறுப்பது மட்டும்தான். "நான் யாரையும் வெறுக்கவில்லை, ஆகவே இங்கே பிரச்சினை இல்லை." நடிக்கவில்லை, மனதாரத்தான் சொல்கிறார்கள். அதனால்தான் அவர்களோடு பேசுவது கடினம்.

உங்கள் புறநகரையே பாருங்கள். நல்ல பள்ளிக்கூடம் என்றுதானே அங்கே வீடு வாங்கியிருப்பீர்கள்? வீட்டுக்கடனுக்கு உத்தரவாதம் கொடுக்க 1934-ல் மத்திய அரசு ஒரு நிர்வாகத்தை அமைத்தது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்கு அது உத்தரவாதம் தர மறுத்தது. இரண்டாம் உலகப் போரில் இருந்து திரும்பிய வெள்ளைச் சிப்பாய் சுலபக் கடனில் வீடு வாங்கினார். கூடவே போரிட்ட கறுப்புச் சிப்பாய்க்குப் பெரும்பாலும் அது கிடைக்கவில்லை. 1968-ல் சட்டம் மாறுவதற்குள் ஒரு தலைமுறையின் சொத்து ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்தின் பணத்தில் பெரிய பங்கு வீட்டு வரியில் இருந்து வருவதால், வீட்டின் விலை பிள்ளையின் படிப்பாகவும் ஆனது. வெள்ளைக் குடும்பங்கள் புறநகருக்கு நகர்ந்தபோது சபைகளும் கூடவே நகர்ந்தன. இன்று அந்தத் தெருவில் யாரும் யாரையும் வெறுக்காமல் இருக்கலாம். ஆனாலும் ஒரு கறுப்பினப் பையன் நடந்து போனால் "இவன் இந்தத் தெருக்காரன் இல்லையே" என்று யாரோ போன் பண்ணுவார்கள்.

இது நமக்குப் புரியாத விஷயமா? "எங்கள் சபையில் சாதியே பார்ப்பதில்லை" என்று ஊரில் எத்தனை முறை கேட்டிருப்போம். அதைச் சொல்கிறவர் வீட்டில் கல்யாணப் பேச்சு வரும்வரை அது உண்மை. திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்திலேயே தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து ஒரு சுவர் நின்றது. சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கு அது வெறும் பழைய சுவர்தான்.

வெள்ளை சுவிசேஷ சபைகளின் வரலாறும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஓர் உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவின் மிகப்பெரிய புராட்டஸ்டன்ட் அமைப்பான தெற்கத்திய பாப்டிஸ்ட் மாநாடு 1845-ல் ஜார்ஜியாவின் அகஸ்டாவில் பிறந்தது. பிரிந்து வந்ததன் காரணம் ஒரே கேள்விதான்: அடிமைகளை வைத்திருக்கிறவர் மிஷனரி ஆகலாமா? ஆகலாம் என்றவர்கள் இவர்கள். அதற்காக மன்னிப்புத் தீர்மானம் போட்டது 1995-ல், சரியாக 150 வருடம் கழித்து. அவர்களுடைய முதல் இறையியல் கல்லூரி 2018-ல் தன் கடந்த காலத்தைத் தானே ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. கல்லூரியை நிறுவிய 4 பேரும் அடிமைகளை வைத்திருந்தார்கள், மொத்தம் 50 பேருக்கு மேல் என்று அதில் மறைக்காமல் எழுதினார்கள். அதை நான் மதிக்கிறேன். ஆனால் 2 வருடம் கழித்து, 2020-ல் அந்தக் கல்லூரி உட்பட அந்த அமைப்பின் 6 இறையியல் கல்லூரித் தலைவர்களும் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டார்கள். இனவெறியைக் கண்டித்தார்கள், அதோடு, இனவெறி சட்டத்திலும் அமைப்பிலும் எப்படி ஊறியிருக்கிறது என்று பேசும் விமர்சன இனக் கோட்பாடு தங்கள் விசுவாசத்துக்கு ஒவ்வாதது என்றார்கள். கறுப்பினப் போதகர்கள் சிலர் அதோடு விலகினார்கள். 2016 தேர்தலுக்குப் பிறகே பல வெள்ளைச் சபைகளில் இருந்து கறுப்பினக் குடும்பங்கள் சத்தமில்லாமல் வெளியேறத் தொடங்கியிருந்தன. உங்கள் நண்பர் குடும்பம் முதல் குடும்பம் இல்லை.

பிரசங்கியார் பில்லி கிரஹாமை உங்கள் அம்மாவுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். 1953-ல் சட்டனூகா நகரில் தன் கூட்டத்தில் கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்துக் கட்டியிருந்த கயிற்றைத் தன் கையாலேயே அவிழ்த்தார். அந்தக் காலத்துக்கு அது பெரிய காரியம். ஆனால் 10 வருடம் கழித்து, கறுப்புக் குழந்தைகளும் வெள்ளைக் குழந்தைகளும் கைகோத்து நடக்கும் நாளை மார்ட்டின் லூதர் கிங் கனவாகச் சொன்னபோது, அது கிறிஸ்து திரும்பி வரும்போதுதான் நடக்கும் என்கிற விதமாக கிரஹாம் பேசினார். அதே 1963-ல் கிங் பர்மிங்காம் சிறையில் இருந்து ஒரு நீண்ட கடிதம் எழுதினார். "பொறுமையாக இருங்கள்" என்று அறிக்கை விட்ட 8 மதத் தலைவர்களுக்கு, உங்கள் கூட்டத் தலைவரைப் போன்ற நல்ல மனிதர்களுக்கு எழுதியது. அதில் ஒருவர் ஏர்ல் ஸ்டாலிங்ஸ் என்ற பாப்டிஸ்ட் போதகர். அவர் தன் சபையில் கறுப்பினத்தவரைப் பாகுபாடு இல்லாமல் ஆராதனைக்கு வரவேற்றதை, கண்டிக்கிற அதே கடிதத்தில் பெயர் சொல்லிப் பாராட்டுகிறார் கிங். உங்கள் சபையாரோடு பேசப் போகும்முன் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு கொண்டுவந்ததும் உண்மை, அந்தத் தகப்பனைக் கைவிட்டதும் உண்மை.

இனி என்ன செய்யலாம்? முதலில் அந்தக் குடும்பத்திடம் போங்கள். பாஸ்டரிடம் போவது அப்புறம். "அன்று என்னைக் கேட்டபோது உங்களுக்கு எதிராகப் பயன்படும் என்று யோசிக்காமல் பதில் சொன்னேன். அதன் பிறகும் பேசாமல் இருந்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள்." இவ்வளவு போதும். அழ வேண்டாம், அழுதால் அவர்கள் உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும். சபைக்குத் திரும்பி வரச் சொல்ல வேண்டாம். பையன் எப்படி இருக்கிறான் என்று கேளுங்கள், அப்புறம் கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள்.

பிறகு கூட்டத் தலைவரைத் தனியாகப் பாருங்கள். கோட்பாடு, கட்சி, தேர்தல் எதற்குள்ளும் போகாதீர்கள். அவர் இழுத்தாலும் அந்தப் பையனிடமே திரும்பி வாருங்கள். "அவர்கள் வராமல் போன பிறகு நீங்கள் போன் பண்ணினீர்களா?" என்று கேளுங்கள். அவர் வேதத்தை மதிக்கிறவர். அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தை அவரோடு சேர்ந்து வாசியுங்கள். கிரேக்கம் பேசிய யூத விதவைகளுக்கு அன்றாடப் பந்தியில் பங்கு ஒழுங்காக வரவில்லை என்று முறுமுறுப்பு வந்தது. இது இதயத்தின் பிரச்சினை, ஜெபிப்போம் என்று அப்போஸ்தலர் நிறுத்திக்கொள்ளவில்லை. பந்தி பரிமாறுகிற முறையையே மாற்றினார்கள். 7 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள்: ஸ்தேவான், பிலிப்பு, நிக்கொலா என்று எல்லாம் கிரேக்கப் பெயர்கள். முறையிட்டவர்களின் பக்கத்தில் இருந்தே ஆட்களை எடுத்துப் பொறுப்பைக் கொடுத்தார்கள். உங்கள் சபையில் மூப்பர் குழுவில் எத்தனை பேர், அதில் கறுப்பினத்தவர் யாராவது உண்டா என்று அதன் பிறகு கேட்டால் கேள்வி தானாகவே புரியும்.

இருப்பதா போவதா என்பதை இந்த இரண்டும் முடிந்த பிறகு முடிவு செய்யுங்கள். அவர் யோசிக்கிற மனிதராக இருந்தால் இருங்கள். அங்கே உங்களைப் போல ஒருவர் தேவை. சிரித்து மழுப்பிவிட்டு, அடுத்த மாதம் சபை இணையதளத்தில் போட உங்கள் குடும்பத்தைப் படம் எடுக்கக் கூப்பிட்டால், மாட்டோம் என்று சொல்லுங்கள். காரணத்தையும் சொல்லுங்கள்.

அந்தக் குடும்பம் இப்போது கறுப்பினச் சபை ஒன்றுக்குப் போகிறார்கள் என்றால் ஞாயிறு ஆராதனை முடிய நேரமாகும். சில சபைகளில் 1 மணிக்கும் மேல் ஆகிவிடும். 3 மணிக்கு மேல் போன் பண்ணுங்கள். அவர் எடுக்கவில்லை என்றால் அடுத்த ஞாயிறும் பண்ணுங்கள்.

அன்புடன்,
அக்கா