வெப்சைட் போடும் நேரம் வந்துவிட்டதா? – வாசகர் கேள்விகள்

கே: இன்ஸ்டாகிராமில் கைவினை நகை விற்கிறேன். 4,000 ஃபாலோயர்கள், மாதம் 12 முதல் 15 ஆர்டர். ‘சொந்த வெப்சைட் இல்லையா?’ என்று பலர் கேட்கிறார்கள். போடலாமா?

இப்போது வேண்டாம். ஃபாலோயர் எண்ணிக்கை இதில் கணக்கே இல்லை. இரண்டு வாரம் ஒரு நோட்டில் மூன்று விஷயம் குறித்து வாருங்கள்: ‘விலை என்ன, எத்தனை நாளில் வரும், வேறு நிறம் உண்டா’ என்று வந்த ஒரே மாதிரிக் கேள்விகள் எத்தனை, அவற்றுக்குப் பதில் தட்டியதில் போன நேரம் எவ்வளவு, முன்பு வாங்கியவர்களே மறுபடி வாங்கியது எத்தனை. தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் பதில் சொல்வதிலேயே போகிறது, மூன்றில் ஓர் ஆர்டர் பழைய வாடிக்கையாளருடையது என்றால் நேரம் வந்துவிட்டது. இதைவிட உறுதியான அறிகுறி ஒன்று உண்டு. கையிருப்பில் இருந்த ஒரே ஜோடியை இரண்டு பேருக்கு விற்றுவிட்டு, ஒருவருக்குப் பணத்தைத் திருப்பி அனுப்புவது. மாதத்தில் இரண்டு முறை இப்படி நடந்தால், இருப்புக் கணக்கை மனசில் வைத்துக்கொள்ளும் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள்.

15 ஆர்டருக்கு ஒரு கூகுள் ஃபார்மும் ஒரு ஷீட்டும் தாராளம். டொமைனை (தளத்தின் இணைய முகவரியை) மட்டும் இன்றே வாங்கிப் போடுங்கள். உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில்.

கே: வெப்சைட் போட எவ்வளவு ஆகும்?

கடிதமே இவ்வளவுதான். அளவு கொடுக்காமல் சட்டை தைக்கச் சொன்னால் தையல்காரர் என்ன செய்வார்? என்ன விற்கிறீர்கள், எத்தனை பொருள், இப்போது எங்கே விற்கிறீர்கள் என்று எழுதினால் பதில் உண்டு. பொதுவாக நான்கு செலவுகள்: டொமைனுக்கு ஆண்டுக்கொரு முறை, ஹோஸ்டிங் (தளத்தை வைத்திருக்கும் சர்வர் இடம்) அல்லது சந்தாவுக்கு மாதாமாதம், பேமென்ட் கேட்வேக்கு (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவைக்கு) ஆர்டருக்கு 2 முதல் 3 சதவீதம். நான்காவதை யாரும் எழுதி வைப்பதில்லை. ஒரு பொருளுக்கு நான்கு படம், ஒரு விவரக் குறிப்பு, எடை, அளவு எல்லாம் ஏற்ற அரை மணி நேரம் ஆகும். 100 பொருள் என்றால் 50 மணி நேரம். அந்த வேலையை யார் செய்வது என்று முடிவு செய்துவிட்டுப் பணத்தைப் பற்றி யோசியுங்கள்.

கே: மார்க்கெட்பிளேஸில் (பலர் விற்கும் ஆன்லைன் சந்தையில்) 15 சதவீதம் கமிஷன் போகிறது. சொந்தத் தளம் வைத்தால் அது மிச்சம்தானே?

முழுதும் மிச்சமாகாது. கேட்வேக்கு 3 சதவீதம் போனால் கையில் நிற்பது சுமார் 12 சதவீதம். தளத்தின் மாதச் செலவு உங்கள் சராசரி ஆர்டரைப் போல மூன்று மடங்கு என்று வையுங்கள். 3-ஐ 0.12-ஆல் வகுத்தால் 25. மாதம் 25 ஆர்டர் சொந்தத் தளத்துக்கு வந்தால்தான் கையைக் கடிக்காது. அதுவும் விளம்பரம் இல்லாமல் வர வேண்டும். ஓர் ஆர்டரைப் பிடிக்க அதன் மதிப்பில் 20 சதவீதத்தை விளம்பரத்துக்குக் கொட்டினால், கமிஷனே மலிவு. கமிஷன் என்பது ஆள் கூட்டிவருவதற்கான கூலி. அறிமுகமில்லாத வாடிக்கையாளருக்கு அதைக் கொடுப்பதில் தவறில்லை. நான்காவது முறை வாங்குகிறவருக்கும் கொடுப்பதுதான் உறுத்த வேண்டும். ஆகவே மார்க்கெட்பிளேஸை மூடாதீர்கள். இரண்டும் ஓடட்டும்.

ஒரு எச்சரிக்கை. ‘அடுத்த முறை எங்கள் தளத்தில் வாங்கினால் தள்ளுபடி’ என்று பார்சலுக்குள் சீட்டு வைக்காதீர்கள். பெரும்பாலான மார்க்கெட்பிளேஸ்கள் இதைத் தடை செய்கின்றன, கணக்கே முடங்கலாம். டெலிவரிக்காகக் கிடைத்த முகவரிக்கு விளம்பரம் அனுப்புவதும் அப்படித்தான். பொருளின் லேபிளில் பிராண்டு பெயர் தெளிவாக இருக்கட்டும். வேண்டியவர் அந்தப் பெயரைத் தேடி வருவார். தேடும்போது உங்கள் தளம் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

கே: வாட்ஸ்அப் பிசினஸில் கேட்டலாக் இருக்கிறது. போதாதா?

500 பொருள் வரை ஏற்றலாம். தெரிந்தவர்களுக்கு விற்கப் போதும். ஆனால் ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் சாதாரண பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது, உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். அந்த எல்லையை முட்டும்போது மறுபடி எழுதுங்கள்.

கே: இரண்டு வருடம் முன்பு ஒரு டெவலப்பர் தளம் செய்து கொடுத்தார். டொமைன், ஹோஸ்டிங் எல்லாம் அவரே பார்த்துக்கொண்டார். இப்போது போனை எடுப்பதில்லை. தளமும் திறக்கவில்லை. என்ன செய்வது?

மாதம் தவறாமல் இந்தக் கடிதம் வருகிறது. ஊரும் பேரும்தான் வேறு. மனைக்குப் பணம் கட்டிவிட்டுப் பத்திரத்தை மேஸ்திரி பெயரில் பதிந்த கதை இது. பணம் யார் கொடுத்தார் என்று ரெஜிஸ்ட்ரார் (டொமைனைப் பதிந்து தரும் நிறுவனம்) பார்ப்பதில்லை. யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர்.

முதலில் ஒரு டொமைன் லுக்-அப் (டொமைனின் பதிவு விவரத்தைக் காட்டும் இணையத் தேடல்) செய்யுங்கள். உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும். எந்த ரெஜிஸ்ட்ரார், எந்தத் தேதியில் காலாவதி, இப்போது என்ன நிலை என்பவை தெரியும். டாட் காம் காலாவதியானால் உடனே கைவிட்டுப் போகாது. புதுப்பிக்க 45 நாள் வரை அவகாசம் கிடைக்கலாம். எவ்வளவு என்பது ரெஜிஸ்ட்ராரைப் பொறுத்தது. அதன்பின் 30 நாள் மீட்புக் காலம், அதில் கட்டணம் பல மடங்கு. அதற்குப் பின் 5 நாள் கழித்து யார் வேண்டுமானாலும் வாங்கலாம். எந்தக் கட்டத்தில் நிற்கிறீர்கள் என்று தெரிந்த பிறகு டெவலப்பருக்கு எழுத்தில் கேளுங்கள். அதே ரெஜிஸ்ட்ராரில் நீங்கள் ஒரு கணக்கு திறந்து, அவர் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு மாற்றித் தரச் சொல்வதுதான் சுலபம். வேறு ரெஜிஸ்ட்ராருக்குப் போவதானால் டிரான்ஸ்ஃபர் பூட்டை நீக்கி, ஆத் கோட் (மாற்றத்துக்கான ரகசியக் குறியீடு) வாங்க வேண்டும். நான்கைந்து நாள் ஆகும். புதிதாகப் பதிந்த டொமைனும் சமீபத்தில் மாறிய டொமைனும் 60 நாள் நகராது. உரிமையாளர் விவரத்தைத் திருத்தினாலும் சில சமயம் அதே 60 நாள் பூட்டு விழும் என்பதால், ரெஜிஸ்ட்ரார் மாற்றம் முடிந்த பிறகு விவரங்களைத் திருத்துங்கள்.

டொமைனின் தளமும் மெயிலும் எந்த சர்வரில் இருக்கின்றன என்று சொல்பவை டிஎன்எஸ் பதிவுகள்; அவற்றை வைத்திருப்பது நேம்சர்வர். நேம்சர்வரை மாற்றும் முன் பழைய டிஎன்எஸ் பதிவுகள் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். தளத்தைக் காட்டும் பதிவை மட்டும் நகலெடுத்து, மின்னஞ்சலுக்கான எம்எக்ஸ் பதிவை விட்டுவிடுகிறார்கள். தளம் வரும், மெயில் நின்றுபோகும். ஒரு வாரம் கழித்து ஒரு வாடிக்கையாளர் திட்டும்போதுதான் தெரியும். ஹோஸ்டிங்கிலிருந்து ஃபைல்கள், டேட்டாபேஸ் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். ஃபைல் மட்டும் கிடைத்தால் படங்கள் இருக்கும், ஆர்டர்கள் இருக்காது.

அவர் பதிலே சொல்லவில்லை என்றால்? ரசீதுகளுடன் ரெஜிஸ்ட்ராருக்கு எழுதுங்கள். பெரிதாக நம்பாதீர்கள். புது டொமைன் வாங்கி, சமூக ஊடகங்களிலும் பில்லிலும் பேக்கிங்கிலும் முகவரியை மாற்றும் வேலையைக் கையோடு தொடங்குங்கள்.

மற்றவர்களுக்கு: டொமைன், ஹோஸ்டிங், கேட்வே மூன்றும் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கார்டில், உங்கள் போனுக்கு வரும் இரட்டைச் சரிபார்ப்பில் இருக்க வேண்டும். டெவலப்பருக்கு உதவியாளர் அனுமதி மட்டும் கொடுங்கள். நல்ல டெவலப்பர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்; கோபித்தால் அவரே பதில் சொல்லிவிட்டார். ரெஜிஸ்ட்ரார் கணக்குக்கு அதே டொமைனில் உள்ள மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள். டொமைன் காலாவதியானால் அந்த மெயிலும் படுத்துவிடும், பாஸ்வேர்டை மீட்கும் லிங்க் எங்கே வரும்?

கே: என் ஃபேஸ்புக் பக்கம் திடீரென முடக்கப்பட்டது. வெப்சைட் இருந்திருந்தால் தப்பித்திருப்பேனா?

வெப்சைட் மட்டும் காப்பாற்றியிருக்காது. அது எங்கே இருக்கிறது என்று வாடிக்கையாளருக்குச் சொல்ல உங்களிடம் அவர்கள் மின்னஞ்சலோ எண்ணோ இருந்திருக்க வேண்டும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒன்றாகச் சுமார் 6 மணி நேரம் படுத்தன. மூன்று கடை வைத்திருக்கிறோம் என்று நம்பியவர்களுக்கு மூன்றும் ஒரே கட்டடம் என்று அன்று தெரிந்தது. வாங்குகிறவரிடம் அனுமதி கேட்டு மின்னஞ்சல் வாங்குங்கள். மாதம் ஒரு முறை அந்தப் பட்டியலை இறக்கி வேறிடத்தில் வையுங்கள். வெப்சைட்டுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது.

கே: இலவச சப்டொமைனில் (வேறொரு சேவையின் முகவரிக்குள் கிடைக்கும் கிளை முகவரியில்) தளம் வைத்தால் ஆகாதா?

சோதித்துப் பார்க்க ஆகும். பேக்கிங்கில் அச்சடிக்க ஆகாது. கூகுள் பிசினஸ் புரொஃபைலுடன் இலவசமாகக் கொடுத்த தளங்கள் 2024 மார்ச்சில் மூடப்பட்டன. சொந்த டொமைன் இருந்தால், எந்தச் சேவை மூடினாலும் அதை வேறிடத்துக்குத் திருப்பிவிடலாம். வாடிக்கையாளருக்கு முகவரி மாறாது.

கே: ஷாப்பிஃபையா, வூகாமர்ஸா?

அப்டேட், பேக்கப் என்றால் தூக்கம் வருகிறவருக்கு ஷாப்பிஃபை; சந்தா கட்டினால் ஆன்லைன் கடையை அவர்களே பராமரிப்பார்கள். வாரம் ஒரு மணி நேரம் பராமரிப்புக்கு ஒதுக்குவேன் என்பவருக்கு வூகாமர்ஸ்; வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில் கடையைச் சேர்க்கும் பிளக்-இன் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) அது. வூகாமர்ஸ் இலவசம்தான், ஹோஸ்டிங்கும் துணை பிளக்-இன்களும் இலவசம் இல்லை. பிளக்-இன்னை மாதக்கணக்கில் அப்டேட் செய்யாமல் விட்டுத்தான் பல வேர்ட்பிரஸ் தளங்கள் ஹேக் ஆகின்றன. எதை எடுத்தாலும் கார்டு எண்ணை உங்கள் தளத்தில் சேமிக்காதீர்கள். பணம் செலுத்தும் பக்கம் கேட்வேயினுடையதாக இருக்கட்டும்.

கே: தளம் தொடங்கி மூன்று மாதம். ஒரு விற்பனைகூட இல்லை. வெப்சைட்டே வீண் என்று தோன்றுகிறது.

எத்தனை பேர் வந்தார்கள் என்று எழுதவில்லையே! நூறு பேர் வந்தால் ஒருவர், மிஞ்சினால் இருவர் வாங்குவார்கள். மூன்று மாதத்தில் மொத்தம் 60 பேர் வந்திருந்தால் தளத்தில் குறையில்லை, ஆள் வரவில்லை. திறந்து வைத்தால் கூகுள் ஆளைக் கூட்டி வரும் என்பது நடக்காது. கூகுளின் இலவசக் கருவியான சர்ச் கன்சோலில் சைட்மேப் (தளத்தின் பக்கங்களின் பட்டியல்) கொடுத்தீர்களா, பக்கங்கள் இன்டெக்ஸ் ஆகியிருக்கின்றனவா (கூகுள் தேடலில் சேர்ந்திருக்கின்றனவா) என்று முதலில் பாருங்கள்.

1,000 பேர் வந்தும் விற்கவில்லை என்றால், உங்கள் போனில் வைஃபையை அணைத்துவிட்டு நீங்களே ஒரு பொருளை வாங்கிப் பாருங்கள். பணமும் கட்டுங்கள். வழக்கமாக அகப்படுபவை: போனில் எடுத்த 4 எம்பி படத்தை அப்படியே ஏற்றியிருப்பது (அகலம் 1,200 பிக்சல், 150 கேபிக்குள் சுருக்குங்கள், முக்கியப் படம் இரண்டரை நொடிக்குள் தெரிய வேண்டும்), டெலிவரி சார்ஜைக் கடைசிப் பக்கத்தில் காட்டி அதிர்ச்சி கொடுப்பது, வாங்குவதற்கே கணக்கு திறக்கச் சொல்வது, ரிட்டர்ன் விதியும் தொடர்பு எண்ணும் இல்லாதது. சோதனை முறையில் விட்ட கேட்வேயை நேரடி முறைக்கு மாற்ற மறந்தவர்களும் உண்டு. சிரிக்காதீர்கள், உங்களுடையதையும் பாருங்கள்.

கே: ஆன்லைனில் இசை வகுப்பு எடுக்கிறேன். 20 மாணவர்கள். தளம் தேவையா?

ஒரே பக்கம் போதும்: என்ன சொல்லித் தருகிறீர்கள், நேரம், கட்டணம், ஒரு நிமிட மாதிரி வீடியோ, பதிவு செய்ய ஒரு பட்டன். வகுப்புப் பதிவுகளை விற்கத் தொடங்கினால் லாகின் உள்ள தளத்தைப் பற்றிப் பேசலாம்.

கே: தளத்திலிருந்து போகும் ஆர்டர் மெயில்கள் வாடிக்கையாளரின் ஸ்பாமில் விழுகின்றன.

டிஎன்எஸ்ஸில் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் சேர்த்துவிடுங்கள். மெயில் உங்களிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் பதிவுகள் இவை. எஸ்பிஎஃப் பதிவு ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். மெயில் சேவைக்கு ஒன்று, தளத்துக்கு ஒன்று என இரண்டு போட்டால் இரண்டுமே செல்லாது. ஹோஸ்டிங் வழியாக நேரடியாக அனுப்பாமல் மெயில் அனுப்பும் சேவை ஒன்றை இணைப்பது நல்லது. இதையெல்லாம் செய்ய டிஎன்எஸ் லாகின் வேண்டும். உங்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால் ஐந்தாவது கேள்விக்குப் போங்கள்.