கட்டணச் செருகுநிரல் கிளைத் தளங்களில் இயங்கவில்லை: மீண்டும் உரிமம் வாங்க வேண்டுமா?

கேள்வி: எங்கள் பயிற்சி நிலையத்தின் வேர்ட்பிரஸ் தளத்தில், பணம் கொடுத்து வாங்கிய விண்ணப்பப் படிவச் செருகுநிரல் (பிளகின்) ஒன்று குறையின்றி இயங்கி வந்தது. கிளைகளுக்கும் தளம் வேண்டுமென்று அதை மல்டிசைட்டாக, அதாவது ஒரே வேர்ட்பிரஸில் பல தளங்கள் இயங்கும் அமைப்பாக, மாற்றினோம். இப்போது முதன்மைத் தளத்தில் மட்டுமே விண்ணப்பங்கள் சேமிக்கப்படுகின்றன. கிளைத் தளங்களில் படிவம் தெரிகிறது, அனுப்பினால் எதுவும் பதிவாவதில்லை. ஒவ்வொரு கிளைக்கும் தனி உரிமம் வாங்கச் சொல்கிறார் விற்பனையாளர். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். உரிமச் சாவி செல்லாமல் போனால் பெரும்பாலும் புதுப்பிப்புகளும் விற்பனையாளரின் உதவியும்தான் நின்றுபோகும். படிவம் தெரிந்தும் விண்ணப்பம் சேராமல் இருப்பதற்குக் காரணம் அநேகமாக வேறு.

2010 ஜூனில் வந்த வேர்ட்பிரஸ் 3.0 பதிப்புக்கு முன்பு, பல தளங்களை நடத்துவதற்கு வேர்ட்பிரஸ் எம்யூ என்ற தனி மென்பொருள் இருந்தது. அந்தப் பதிப்பில்தான் இரண்டும் ஒன்றாயின. ஆனால் மல்டிசைட்டின் தரவுத்தள அமைப்பு, ஒற்றைத் தளத்தினுடையதிலிருந்து இன்றும் வேறுதான். மல்டிசைட்டில் பயனர் அட்டவணை எல்லாத் தளங்களுக்கும் பொது. பதிவுகளும் அமைப்புகளும் தளத்துக்குத் தளம் தனி, இரண்டாம் தளத்தின் அட்டவணைப் பெயர்களில் 2 என்ற எண் சேர்ந்திருக்கும். செருகுநிரலை இயக்கும் நேரத்தில் ஒருமுறை ஓடும் நிரல்தான் அதற்கு வேண்டிய அட்டவணைகளை உருவாக்குகிறது. நெட்வொர்க் (முதன்மைத் தளமும் கிளைத் தளங்களும் சேர்ந்தது) முழுமைக்கும் சேர்த்து இயக்கினால், அந்த நிரல் ஒருமுறைதான், அதுவும் பொதுவாக முதன்மைத் தளத்தில்தான் ஓடும். ஒவ்வொரு தளத்துக்கும் போய் அட்டவணை உருவாக்கும்படி செருகுநிரலை எழுதியவர் வழிசெய்யவில்லை என்றால், கிளைத் தளங்களில் விண்ணப்பத்தை வைக்க இடமே இருக்காது. பின்னர் தொடங்கும் புதிய கிளைக்கும் இதே கதிதான்.

தரவுத்தளத்தை முதலில் நகலெடுத்து வையுங்கள். பிறகு நெட்வொர்க் நிர்வாகப் பக்கத்தில் செருகுநிரலை முடக்கிவிட்டு, ஒவ்வொரு கிளைத் தளத்தின் முகப்புப்பலகைக்கும் தனித்தனியே சென்று இயக்குங்கள். முதன்மைத் தளத்திலும் அவ்வாறே மறுபடி இயக்க வேண்டும். முடக்கினால் மட்டும் போதும், நீக்கவே கூடாது. நீக்கும்போது தன் அட்டவணைகளையும் சேர்த்து அழித்துவிடும் செருகுநிரல்கள் பல உண்டு, நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் விண்ணப்பங்கள் அத்துடன் போய்விடும்.

இதன் பிறகு கிளைகளில் விண்ணப்பங்கள் பதிவானால் பிழை செருகுநிரலுடையது என்பது உறுதி. அதைத் திருத்தித் தரச் சொல்லி விற்பனையாளருக்கு எழுதுங்கள். வேறொரு குழப்பத்துக்கும் இடமுண்டு: மல்டிசைட்டில் கிளை நிர்வாகி பதிவில் ஒட்டும் ஸ்கிரிப்ட் குறிமுறையை வேர்ட்பிரஸே நீக்கிவிடும், ஏனெனில் அந்த அனுமதி முழு நெட்வொர்க்கையும் நிர்வகிக்கும் சூப்பர் அட்மினுக்கு மட்டுமே உண்டு. அதற்குச் செருகுநிரலைக் குறைசொல்ல முடியாது.

உரிமத்தைப் பொறுத்தவரை, விற்பனையாளர்களில் சிலர் முழு நெட்வொர்க்கையும் ஒரே தளமாகக் கணக்கிடுகிறார்கள், சிலர் ஒவ்வொரு கிளை முகவரியையும் தனித் தளமாக எண்ணுகிறார்கள். நீங்கள் வாங்கியபோது இருந்த நிபந்தனையில் என்ன எழுதியிருந்தது என்பதே முக்கியம், ஆகவே அதைத் தேடி எடுங்கள். கிளைகளுக்கும் புதுப்பிப்பு பெறத் தனி உரிமம் தேவை என்று அதில் இருந்தாலும், மல்டிசைட்டில் இயங்கும் என்று எழுத்தில் உறுதி வாங்கி, இயங்காவிட்டால் பணம் திரும்பக் கிடைக்கும் கெடுவையும் கேட்டுக்கொண்டு, முதலில் ஒரே ஒரு கிளைக்கு மட்டும் வாங்கிப் பாருங்கள்.