நான்கு நாள் வேலை போதும் என்கிற மனசுக்கு ஒரு கணக்கு

கேள்வி: ஐயா, எனக்கு வயது 38. நானும் அம்மாவும்தான் வீட்டில். பத்து வருடத்தில் சம்பளம் இரட்டிப்பாகிவிட்டது, ஆனாலும் மாதக் கடைசியில் கை காலி. சம்பளத்தை 100 என்று வைத்துக்கொண்டால் வாடகை 22, வாகனக் கடன் 16, தனிநபர் கடன் 10, கிரெடிட் கார்டுக்கு 8, வீட்டுச் செலவு 31, சேமிப்பு 5. மீதி 8 எங்கே போகிறது என்றே தெரியவில்லை. கார்டில் ஒன்றரை மாதச் சம்பளம் பாக்கி, வட்டி மாதம் 3 சதவீதம். சேமிப்புக் கணக்கில் இரண்டு மாதச் சம்பளம் இருக்கிறது. வாகனக் கடன் முடிய இன்னும் 20 மாதம். வாரம் நான்கு நாள் வேலைக்கு மாற அலுவலகத்தில் வழி உண்டு. ஆனால் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறையும். எளிமையாக, என் இஷ்டப்படி வாழ ஆசை. 'இந்த மாதம் எதுவும் வாங்கமாட்டேன்' என்று மூன்று முறை சபதம் எடுத்தேன். மூன்று முறையும் அடுத்த மாதமே சேர்த்துவைத்து வாங்கித் தீர்த்துவிட்டேன். நான் என்ன செய்யட்டும்?

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது, எண்களை மறைக்காமல் எழுதியிருப்பது. எங்கே போகிறது என்று தெரியாத அந்த 8 உட்பட. அதை ஒப்புக்கொள்வதற்கே பலருக்கு வருடங்கள் ஆகின்றன.

முதலில் ஒரு கணக்கு. சேமிப்பில் இருக்கும் 200-இல் கார்டு பாக்கி 150-ஐக் கழித்தால் மிஞ்சுவது 50. மாதம் 95 செலவழிக்கிறீர்கள். அப்படியானால் நாளைக்கே சம்பளம் நின்றால் ஏறக்குறைய 16 நாள் ஓட்டலாம். உங்கள் கையில் இன்று இருக்கும் சுதந்திரம் அவ்வளவுதான். பணத்தைத் தொகையாகப் பார்ப்பதைவிட நாளாகவும் மாதமாகவும் பாருங்கள் என்று என்னிடம் வரும் எல்லோரிடமும் சொல்வேன். 'என் இஷ்டப்படி' என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அதன் அளவு இந்த நாட்களில்தான் இருக்கிறது.

இன்னொரு கோணத்திலும் பார்க்கலாம். 5 சேமித்து 95 செலவழிப்பவர் ஒரு மாதச் செலவைச் சேர்க்க 19 மாதம் உழைக்க வேண்டும். 20 சேமித்து 80-இல் வாழ்பவருக்கு நான்கே மாதம். சம்பளம் ஒன்றேதான். செலவு குறையும்போது சேமிப்பு கூடுகிறது, வாழத் தேவைப்படும் தொகையும் சேர்ந்தே இறங்குகிறது. சம்பளம் கூடுவதால் மட்டும் இந்த இரட்டைப் பலன் வராது, ஏனென்றால் செலவும் பின்னாலேயே ஏறிவிடும். உங்கள் பத்து வருடத்தில் நடந்தது அதுதான்.

சரி, கார்டுக்கு வருவோம். மாதம் 8 கட்டுகிறீர்கள். 150 பாக்கிக்கு 3 சதவீத வட்டி 4.5. ஆக, அசலில் குறைவது வெறும் 3.5. புதிதாக ஒரு பைசாகூடச் சேர்க்காவிட்டாலும் இந்த வேகத்தில் தீர 28 மாதம் ஆகும். அதே நேரத்தில் சேமிப்புக் கணக்கில் 200 சும்மா கிடக்கிறது. பணம் கையில் இருக்கிறது என்ற தைரியத்துக்காக அதை வைத்திருக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் அந்தத் தைரியத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலை மிக அதிகம். அதிலிருந்து 100-ஐ எடுத்து இந்த வாரமே கார்டில் கட்டிவிடுங்கள். மீதி 50-க்கு இப்போதுபோலவே மாதம் 8 கட்டினால் ஏழெட்டு மாதத்தில் தீர்ந்துவிடும். வட்டியில் மிச்சமாவது முக்கால் மாதச் சம்பளத்தை நெருங்கும். முழு 150-ஐயும் ஏன் கட்டச் சொல்லவில்லை என்று கேட்கலாம். அம்மா உங்களை நம்பி இருக்கிறார். ஒரு மாதச் செலவாவது கையில் இல்லாமல் உங்களை விட எனக்கு மனம் வரவில்லை. தனிநபர் கடன் அதன்போக்கில் ஓடட்டும்.

அப்புறம், எங்கே போகிறது என்று தெரியாத அந்த 8. அதில் பாதியை மட்டும் மீட்டால் போதும் என்கிறேன். முழுவதையும் கேட்டால் அது நான்காவது சபதம் ஆகிவிடும். சபதத்தில் கவனம் முழுக்க 'வாங்கக் கூடாது' என்பதிலேயே இருக்கும். எதற்காக வாங்கினோம் என்ற கேள்வியே எழாது. அதனால்தான் கெடு முடிந்ததும் அணை உடைகிறது.

நான் செய்வதைச் சொல்கிறேன். ஞாயிறு மாலை அந்த வாரத்தின் வங்கிக் கணக்கைக் காகிதத்தில் எடுத்துவைத்துக்கொண்டு பென்சிலோடு உட்காருவேன். பதினைந்து நிமிடம். ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, இதை மறுபடியும் வாங்குவேனா என்று கேட்டுக்கொள்வேன். ஆம் என்றால் ஒரு புள்ளி. என்ன வாங்கினோம் என்றே நினைவுக்கு வராவிட்டால் ஒரு பெருக்கல் குறி. திட்டுவதும் கிடையாது, கூட்டிப் பார்ப்பதும் கிடையாது. பழகிய சில வாரங்களில் பெருக்கல் குறிகளுக்கு ஒரு முகம் தெரிந்தது. முக்கால்வாசி இரவு பத்து மணிக்குமேல், களைப்பில், போனைப் பார்த்துக்கொண்டே வாங்கியவை. உங்களுக்கு அது வேறு நேரமாக, வேறு மனநிலையாக இருக்கலாம். அது எது என்று கண்டுபிடிப்பதுதான் இந்தப் பதினைந்து நிமிடத்தின் வேலை.

கண்டுபிடித்ததும் அந்த இடத்தில் ஒரு சிறிய தடை போடுங்கள். போனில் சேமித்துவைத்த கார்டு எண்ணை நீக்கிவிட்டேன். வாங்க வேண்டுமென்றால் எழுந்துபோய்ப் பர்ஸை எடுத்துவந்து பதினாறு இலக்கத்தையும் தட்ட வேண்டும். பாதி நேரம் எழுந்திருக்கவே தோன்றாது. அப்படியும் வேண்டும் என்று தோன்றுவதை ஒரு தாளில் தேதியோடு எழுதி வைப்பேன். மூன்று நாள் கழித்தும் வேண்டும் என்றால் குற்ற உணர்ச்சி இல்லாமல் வாங்குவேன். வாங்குவதே தப்பு என்ற எண்ணம் உங்களுக்கு வந்துவிடக் கூடாது. நன்றாக யோசித்து வாங்கிய பொருளோடு வாழ்வதும் எளிமைதான்.

இந்தப் பழக்கம் பிடிபட எவ்வளவு நாள் ஆகும்? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் உடன் பணியாற்றியவர்களும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2009-இல் வெளியானது. ஒரு புதிய பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிதாக எதுவும் கெட்டுவிடவில்லை என்பதும் அதில் தெரிந்தது. ஒரு மாதத்தில் சபதம் உடைந்ததற்காக நீங்கள் உங்களையே குறை சொல்லிக்கொள்ளத் தேவையில்லை.

மீட்ட பணம் கையில் நிற்க வேண்டுமென்றால் சம்பளம் வரும் நாளிலேயே அது வேறு கணக்குக்குத் தானாகப் போய்விட வேண்டும். மாதக் கடைசியில் மிஞ்சியதைச் சேமிக்கலாம் என்றால் மிஞ்சாது. அடுத்த சம்பள உயர்வு வரும்போதும் அது கையில் விழும் முன்பே பாதியைத் திருப்பிவிடுங்கள். ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்ஸியும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், வரப்போகும் உயர்விலிருந்து சேமிக்க முன்கூட்டியே ஒப்புக்கொண்ட ஊழியர்களின் சேமிப்பு 40 மாதத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமானது. இன்னும் கைக்கு வராத பணத்தை விட்டுக்கொடுப்பது மனசுக்கு எளிது.

இப்போது உங்கள் 20 மாதத்தைப் பார்ப்போம். இப்போதைய 5-உடன் மீட்ட 4-ஐயும் சேர்த்து, கார்டு தீரும்வரை மாதம் 9 சேரும்; அதன்பின் கார்டுக்குப் போன 8-உம் சேர்ந்து 17. வாகனக் கடன் முடியும்போது, ஏற்கெனவே இருக்கும் 100-ஐயும் சேர்த்தால் கையில் ஏறக்குறைய 380 இருக்கும். அப்போது, இன்றைய 95-இல் மீட்ட 4, கார்டின் 8, வாகனக் கடனின் 16 போக, உங்கள் மாதச் செலவு 67-தான். ஆகவே 16 நாளாக இருந்த சுதந்திரம் ஐந்தரை மாதமாகிவிடும். நான்கு நாள் வேலைக்கான சம்பளம் 80. அதில் 67 போக 13 மிஞ்சும். இன்று ஐந்து நாள் உழைத்துச் சேமிப்பதைவிட இது அதிகம். விலைவாசி இதில் கொஞ்சம் தின்னும், அதற்கு உங்கள் சம்பள உயர்வின் மற்றப் பாதி இருக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை: இந்த வாகனக் கடன் முடிந்ததும் அடுத்த வாகனத்துக்குப் போகக் கூடாது. இருப்பதைப் பழுது பார்த்து ஓட்டுங்கள். உங்கள் கணக்கு முழுவதும் அந்த 16-இன் மேல்தான் நிற்கிறது.

கடன் முடிந்த உடனே விண்ணப்பம் கொடுத்துவிடாதீர்கள். மூன்று மாதம் 80-இல் வாழ்ந்து பாருங்கள். சம்பளம் வந்த அன்றே 20-ஐ எடுத்து, தொடமுடியாத இடத்தில் போட்டுவிடுங்கள். அந்த மூன்று மாதத்தில் அலுவலகத்தில் இரண்டு விஷயங்களைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: வேலை நாள் குறைந்தால் உங்களுக்கும் அம்மாவுக்கும் மருத்துவக் காப்பீடு தொடருமா, ஓய்வூதியத்துக்கு அவர்கள் போடும் பங்கு எவ்வளவு குறையும். காப்பீடு நிற்கும் என்றால் அதற்கான தவணைத் தொகையையும் 67-உடன் கூட்டி, கணக்கை இன்னொரு முறை எனக்கு எழுதுங்கள். சேர்ந்து பார்ப்போம்.