முகவுரையில் உள்ள சமூக நீதி, வழக்கில் எப்படி வரும்?

கேள்வி: அரசமைப்பின் முகவுரையை மட்டும் வைத்து வழக்குப் போட முடியுமா? (சட்ட மாணவி, திருநெல்வேலி)

முடியாதும்மா. முகவுரை தனியாக எந்த உரிமையும் தருவதில்லை. ஆனால் ஒரு சட்டப்பிரிவை இரண்டு விதமாகப் படிக்க இடமிருந்தால், எப்படிப் படிக்க வேண்டும் என்று அதுதான் சொல்லும். முகவுரை அரசமைப்பின் பகுதியே அல்ல என்று 1960-ல் பெருபாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1973-ல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் அமர்ந்த அமர்வில் அந்தக் கருத்து தவறென்று ஆனது.

கேள்வி: எல்லோரும் சமம் என்றால் இடஒதுக்கீடு எதற்கு சார்? (மதுரை)

இந்தக் கேள்விக்கு அரசமைப்பு நடைமுறைக்கு வந்த அடுத்த வருஷமே பதில் தேட வேண்டியிருந்தது, அதுவும் நம் சென்னையிலிருந்து போன வழக்கில். அன்றைய வகுப்புவாரி அரசாணைப்படி, கல்லூரியில் 14 இடம் என்றால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்கள், பிராமணர், அந்த ஆணை 'ஹரிஜன்' என்று குறித்தவர்கள் ஆகியோருக்குத் தலா 2, முஸ்லிம்களுக்கு 1, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்கும் சேர்த்து 1. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்றது. நலிந்தவர்களின் கல்வியைப் பேணச் சொல்லும் 46-ஆவது பிரிவு வெறும் வழிகாட்டு நெறி (அரசு பின்பற்ற வேண்டியது, ஆனால் நீதிமன்றம் மூலம் கட்டாயப்படுத்த முடியாதது), அடிப்படை உரிமைக்கு அது அடங்கித்தான் போக வேண்டும் என்பது தீர்ப்பு. தமிழ்நாடு கொதித்தது, பெரியார் போராட்டத்தில் இறங்கினார். அதே வருஷம் ஜூனில் அரசமைப்பின் முதல் திருத்தம் வந்து, பிற்படுத்தப்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்ய அரசுக்கு இடம் தரும் 15(4) பிரிவு சேர்ந்தது.

அப்புறம் 1975-ல் உச்ச நீதிமன்றத்தின் தாமஸ் வழக்கில், இடஒதுக்கீடு சமத்துவத்துக்கு விதிவிலக்கு அல்ல, சமத்துவத்தின் ஒரு வடிவமே என்ற பார்வை மேலோங்கியது. என் கருத்தும் அதுதான். படியே இல்லாத வீட்டு வாசலில் நிற்பவரிடம் "கதவு திறந்துதான் இருக்கிறது, வாங்க" என்றால் போதுமா?

கேள்வி: கணவர் இறந்தபின் பங்கு கேட்டு வழக்குப் போட வேண்டும். வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லை. (விழுப்புரம்)

அக்கா, நீங்கள் பெண் என்பதாலேயே இலவச சட்ட உதவி பெறத் தகுதி உண்டு; வருமான வரம்பு பார்க்க மாட்டார்கள். இதற்கு வேர் 39-ஏ பிரிவு. அதுவும் வழிகாட்டு நெறிதான், ஆனால் 1987-ல் தனிச் சட்டமாகி, 1995-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. உங்கள் நீதிமன்ற வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், சொத்துப் பத்திர நகல் மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். போக முடியாவிட்டால் 15100-க்கு போன் செய்து விவரம் கேளுங்கள்.