பழைய பாட்டு சிடியை 5.1 ஆக்க மென்பொருள் வாங்கலாமா?

கேள்வி: எண்பது, தொண்ணூறுகளில் வந்த திரைப்பாடல் சிடிகள் இருநூறுக்கு மேல் வைத்திருக்கிறேன். போன மாதம் 5.1 ஹோம் தியேட்டர் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) வாங்கினேன். ஸ்டீரியோவை ஆறு சேனலாகப் பிரிக்கும் மென்பொருள் ஒன்றை விலைக்கு வாங்கலாமா? பென் டிரைவில் மாற்றியே தருகிறோம் என்கிற கடையும் இங்கே இருக்கிறது. எதில் பணம் போடலாம்?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: இப்போதைக்கு இரண்டிலும் போடாதீர்கள். முதலில் உங்கள் சிடிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

ஸ்டீரியோ சிடியில் இருப்பது இடது, வலது என்று இரண்டே தடங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதை, பெரும்பாலும் பாடகர் குரலை, மென்பொருள் நடு ஸ்பீக்கருக்கு அனுப்பும். இரண்டுக்கும் வேறுபடுவதை, அதாவது குரலைச் சுற்றியிருக்கும் எதிரொலி, வயலின் கூட்டத்தின் விரிவு போன்றவற்றைப் பின்னால் தள்ளும். அவ்வளவுதான் அது செய்கிற வேலை. தடத்தில் இல்லாத ஒரு தபேலாவை எந்த மென்பொருளாலும் பின்னால் உட்கார வைக்க முடியாது.

சினிமாவின் ஒலித்தடம் இதிலிருந்து வேறுபட்டது. 1970களின் நடுவில் வந்த டால்பி ஸ்டீரியோ, நான்கு சேனலை இரண்டு தடத்துக்குள் மடித்து வைத்தது. பின்பக்க ஒலியை, ஒரு தடத்தில் அலை ஏறும்போது மற்றதில் இறங்கும்படி பதித்தார்கள். 1982இல் டால்பி சரவுண்ட் என்ற பெயரிலும், 1987இல் புரோ லாஜிக் என்ற பெயரிலும் அதைப் பிரிக்கும் வித்தை வீட்டுக்கு வந்தது. வேண்டுமென்றே மடித்து வைத்ததைப் பிரிப்பதால் அந்தப் படங்களில் பின்பக்கம் தெளிவாக வரும். பாட்டு சிடி அப்படி மடித்ததல்ல. அங்கே மென்பொருள் ஊகித்துத்தான் பிரிக்கிறது. ஒரு பாட்டுக்கு அருமையாக இருக்கும், அடுத்ததற்குக் குரல் மெலிந்து போகும்.

செலவில்லாத ஒரு சோதனை சொல்கிறேன். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் ஒரு பாட்டைத் திறந்து, இரண்டு தடத்தையும் தனித்தனி மோனோவாக, அதாவது ஒற்றைத் தடமாகப் பிரியுங்கள். ஒன்றை மட்டும் தேர்ந்து இன்வெர்ட் (அலையைத் தலைகீழாக்கும் கட்டளை) கொடுத்து, இரண்டையும் சேர்த்து ஓடவிடுங்கள். குரல் மறைந்துபோய், எஞ்சியது மட்டும் கேட்கும். ஏறக்குறைய இதுதான் உங்கள் பின் ஸ்பீக்கருக்குப் போகப்போகிறது. நடுவில் பாடுகிறவர் காணாமல் போய், அவர் குரலின் எதிரொலி மட்டும் மிதப்பதை முதல்முறை கேட்கும்போது எனக்குச் சிலிர்த்தது. ஒன்றுமே கேட்கவில்லை என்றால் அந்தப் பதிவு மோனோ. 1950, 60களின் பாடல்கள் பெரும்பாலும் அப்படித்தான். அவற்றை விட்டுவிடுங்கள், மோனோவாகவே அழகு.

சோதனை திருப்தியாக இருந்தால், ஃபூபார்2000 பிளேயரை இறக்கி அதில் ஃப்ரீசரவுண்ட் என்ற துணைநிரலைச் சேருங்கள். இரண்டும் இலவசம். கேட்கும் நேரத்தில்தான் பிரிக்கும் என்பதால் மூலக் கோப்பு அப்படியே இருக்கும், பிடிக்காத பாட்டுக்கு நிறுத்திவிடலாம். உங்கள் ரிசீவரிலேயே (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி) டால்பி சரவுண்ட், நியூரல் எக்ஸ் என்று ஏதாவது முறை இருக்கிறதா என்றும் ரிமோட்டில் பாருங்கள். இருந்தால் அதுவே போதும். மென்பொருளையும் ரிசீவர் முறையையும் ஒரே நேரத்தில் போட வேண்டாம்.

கடையில் மாற்றித் தருவதைப் பற்றி: நானும் ஒருமுறை ஒரு கடையில் அப்படி ஒரு தொகுப்பு வாங்கினேன். ஆறு தடத்தையும் ஆடாசிட்டியில் விரித்துப் பார்த்தால், பின் இரண்டும் முன் இரண்டின் அச்சு நகல், சத்தம் மட்டும் குறைவு. அதை எந்த வீட்டுக் கணினியிலும் செய்துகொள்ளலாம். அதோடு, மாற்றிய கோப்பிலிருந்து பழைய ஸ்டீரியோவை அப்படியே மீட்பது பெரும்பாலும் முடியாது. சிடியை ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கும் முறை) கோப்பாக எடுத்து வையுங்கள், அது உங்கள் சொத்து.

கேள்வி: அந்த இலவச மென்பொருளைப் போட்டும் இரண்டு ஸ்பீக்கர்தான் பாடுகிறது. லேப்டாப்பிலிருந்து ஆப்டிகல் வயரில் இணைத்திருக்கிறேன்.
- ஒரு வாசகி, கோவை

பதில்: தப்பு வயரில்தான் இருக்கிறது. ஆப்டிகலில் சுருக்காத ஒலி இரண்டு சேனல்தான் போகும். ஆறு வேண்டுமென்றால் டால்பி டிஜிட்டலாகவோ டிடிஎஸ் ஆகவோ சுருக்கி அனுப்ப வேண்டும். லேப்டாப்பில் எச்டிஎம்ஐ இருந்தால் அதை நேராக ரிசீவரில் செருகி, விண்டோஸ் ஒலி அமைப்பில் 5.1 தேர்ந்து, டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். ஆறு மூலையும் ஒவ்வொன்றாக ஒலித்தால் சரி. டிவி வழியாக ஏஆர்சியில் (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ வயரிலேயே ரிசீவருக்கு அனுப்பும் வசதி) கொண்டுபோனாலும் இதே சிக்கல் வரும், அதற்கு அதன் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி தேவை. புளூடூத்தில் வழக்கமாக ஸ்டீரியோதான்.

ரிசீவர் இல்லாமல் மூன்று பிளக் கொண்ட 5.1 ஸ்பீக்கர் என்றால் யுஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கலாம். ஆனால் அட்டைப்பெட்டியில் 7.1 என்று எழுதி, ஒரே ஒரு ஹெட்போன் துளை மட்டும் வைத்திருப்பதை வாங்கிவிடாதீர்கள். அது ஹெட்போனுக்குள் சுற்றொலி மாதிரி காட்டுவது மட்டுமே. முன், பின், நடு என்று மூன்று துளைகள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்துப் பணம் கொடுங்கள்.

கேள்வி: இணையத்தில் இறக்கிய எம்பி3 பாட்டில் பின் ஸ்பீக்கரில் மட்டும் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஒரு சலசலப்பு. ஸ்பீக்கர் பழுதா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: பழுதில்லை. எம்பி3 சுருக்கும்போது, உரக்கக் கேட்கும் ஒலிக்குப் பின்னால் மறைந்துவிடும் நுணுக்கங்களை உதறிவிடுகிறது. பிரிக்கும் மென்பொருள் அந்த உரத்த குரலை முன்னால் நகர்த்தியதும், மூடியிருந்த சிதைவு பின்னால் அம்பலமாகிறது. அதே பாட்டை சிடியிலிருந்து எடுத்துப் போட்டுப் பாருங்கள், சலசலப்பு போய்விடும்.